குழந்தையின் பாதம் தட்டையாக இருக்கிறதா? வீட்டிலேயே பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு நான்கு வயது. பள்ளிக்கூட ஷூ வாங்கப் போன கடையில், அளவு எடுக்கக் காலைத் தூக்கிய கடைக்காரர் முகம் மாறியது. "பாப்பாவுக்கு பிளாட் ஃபுட் சார். இப்பவே கவனிக்கலைன்னா முட்டி, இடுப்பு, முதுகுன்னு ஏறிக்கிட்டே போகும்" என்றார். உள்ளே மேடு வைத்த, கட்டை மாதிரி கனமான ஒரு ஜோடி ஷூவைச் சாதாரண ஷூவின் நான்கு மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் அதைப் பதினோரு நாள் போட்டாள். பன்னிரண்டாம் நாள் காலை அந்த ஷூ கட்டிலுக்கு அடியில், சுவரோரம், போர்வைக்குப் பின்னால் கிடந்தது.

அதற்கப்புறம்தான் நான் படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தேன். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. வீட்டில் எதைப் பார்க்கலாம், எங்கே நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும் என்பது மட்டும்தான் இதில் இருக்கிறது.

இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்: பாதம் இளகுகிறதா, அதாவது விறைக்காமல் வளைந்துகொடுக்கிறதா? வலிக்கிறதா? தட்டையாக இருக்கிறதா என்பது இந்த இரண்டுக்கும் அப்புறம்தான்.

படி 1: முதலில் வயதைக் கேளுங்கள்

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் பாதம் போடுகிறோம். கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவுக் கரைசலில் நனைத்துப் பதித்தால் உட்பக்கம் அழகாக வளைந்த குட்டிப் பாதம் வரும். தவழும் வயதுக் கண்ணனுக்கு நிஜத்தில் அப்படி ஒரு பாதம் இருந்திருக்க முடியாது. அந்த வயதில் எந்தக் குழந்தையின் பாதமும் செங்கல் மாதிரி முழுசாகத் தரையில் பதியும்.

இதற்குப் பல காரணங்கள். குழந்தையின் உள்ளங்காலில் வளைவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் இன்னும் தளர்வாக இருக்கின்றன. எழுந்து நின்றதும் உடல் எடை விழ, பாதம் உட்பக்கமாகச் சரிந்து படிந்துவிடுகிறது. எலும்புகளே முழுதாக எலும்பாகவில்லை என்பது இன்னொன்று. பாத வளைவின் உச்சியில், ஆர்ச்சின் நடுக்கல் மாதிரி உட்காரும் படகெலும்பு பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் அது தெரிய ஆரம்பிப்பதற்கே ஏறக்குறைய மூன்று வயது ஆகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு வளைவு இல்லை என்று கவலைப்படுவது, ஆறு மாதக் குழந்தைக்குப் பல் இல்லை என்று கவலைப்படுவது மாதிரி.

வளைவு மெதுவாக, முதல் பத்து ஆண்டுகளில் எழும்புகிறது. ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயது வரையான 835 குழந்தைகளைப் பரிசோதித்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மூன்று வயதினரில் 54 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். ஆறு வயதினரில் 24 சதவீதம். நோய் என்று சொல்லத்தக்க தட்டைப் பாதம் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. பையன்களுக்கும் எடை கூடிய குழந்தைகளுக்கும் தட்டையாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. என்னை உறுத்தியது வேறொரு எண். அந்தக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் ஏற்கெனவே ஷூவுக்குள் வைக்கும் வளைவு தாங்கி அணிந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் தேவையே இல்லாமல்.

வளர்ந்த பிறகும் சிலருக்குத் தட்டையாகவே இருந்துவிடும். பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி. முக்கால்வாசிப் பேருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. குடும்ப வழியாகவும் வரும். என் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உங்கப்பா காலும் அப்படித்தான்டா, அதை வெச்சுக்கிட்டுத்தான் மூணு தடவை பழனிக்கு நடந்தாரு" என்றார். ஷூ வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

படி 2: ஈரக்கால் தடம்

எல்லோருக்கும் தெரிந்த சோதனை இது. குழந்தையின் காலை நனைத்து, மொட்டை மாடி சிமென்ட் தரையிலோ காகிதத்திலோ நடக்கவிட வேண்டும். நின்ற தடத்தைவிட நடந்த தடம் நல்லது. உட்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி இடைவெளி இருந்தால் வளைவு இருக்கிறது. முழுப் பாதமும் பதிந்தால் தட்டை.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு உள்ளே வளைவு இருந்தாலும் தடம் நிரம்பித்தான் பதியும். தடம் உருவத்தைச் சொல்லும், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லாது. தடத்தை ஒரு போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம்.

அப்படியே பின்னாலிருந்தும் ஒருமுறை பாருங்கள். குழந்தை நேராக நிற்கும்போது குதிகால் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, காலின் வெளிப்புறத்தில் வழக்கத்தைவிட நிறைய விரல்கள் எட்டிப் பார்க்கின்றனவா என்று. இரண்டு கால்களும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பது இன்னும் முக்கியம். ஒரு கால் மட்டும் தட்டை என்றால் அது தனிக்கதை, கீழே வருகிறேன்.

படி 3: எக்கி நிற்கச் சொல்லுங்கள்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

குழந்தையைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எக்கி நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் தரையில் உட்கார்ந்து பாருங்கள். சின்னக் குழந்தைக்குச் சொன்னால் புரியாது. பிடித்த பொம்மையை எட்டாத உயரத்தில் வைத்தால் தானாக எக்கும். அந்த நேரத்தில் இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். தட்டையாக இருந்த உள்ளங்காலில் வளைவு எழும்ப வேண்டும். வெளியே சாய்ந்திருந்த குதிகால் உட்பக்கம் திரும்ப வேண்டும். இரண்டும் நடந்தால் அது இளகிய தட்டைப் பாதம். வளைவு உள்ளே இருக்கிறது, எடை விழும்போது மட்டும் படிந்துகொள்கிறது என்று அர்த்தம்.

ஏன் எழும்புகிறது? குதிகாலிலிருந்து விரல்களின் அடி வரை உள்ளங்காலில் ஒரு கெட்டியான பட்டை ஓடுகிறது. விரல்கள் மேல்நோக்கி மடியும்போது அந்தப் பட்டை, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவது போல விரல்களின் அடிமூட்டைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலும் விரல்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கப்பட, நடுப்பகுதி மேலே எழும்புகிறது. இதையே குழந்தை நின்றுகொண்டிருக்கும்போது கட்டைவிரலை மட்டும் நீங்கள் கையால் மேலே தூக்கியும் பார்க்கலாம். என் மகளுக்கு நான் முதன்முதலில் செய்து பார்த்தபோது, அதுவரை இல்லாத ஒரு பள்ளம் உள்ளங்காலில் தோன்றியது. கடைக்காரர் முகம் ஞாபகம் வந்தது.

இன்னொரு எளிய வழி: நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். எடை இல்லாதபோது வளைவு தெரிகிறதா? தெரிந்தால் இளகிய பாதம்தான்.

எக்கினாலும் எழும்பவில்லை, தொங்கவிட்டாலும் தட்டை, குதிகால் அசைய மறுக்கிறது என்றால் அது விறைத்த தட்டைப் பாதமாக இருக்கலாம். அதை வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: கெண்டைக்கால் இறுக்கமா?

இளகிய பாதத்திலும் வலி வருகிற குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படும் விஷயம் இது. பெற்றோர் கண்ணில் படாமல் போவதும் இதுதான். கெண்டைக்கால் தசையும் குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி தட்டுப்படும் தசைநாணும் இறுகியிருந்தால், நடக்கும்போது கணுக்கால் போதிய அளவு மடங்காது. உடல் முன்னே போயே ஆக வேண்டும். அதனால் பாதத்தின் நடுப்பகுதி உடைந்தாற்போல வளைந்து அந்தக் குறையை ஈடுகட்டும். நாளெல்லாம் இப்படி வளைந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

குழந்தையைப் படுக்க வைத்து, முட்டியை நீட்டி, குதிகாலைச் சற்று உட்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பாதத்தை முகத்தை நோக்கித் தள்ளுங்கள். செங்கோணத்தைத் தாண்டிக் கொஞ்சமாவது மேலே வர வேண்டும். குதிகாலை உட்பக்கம் திருப்புவது அவசியம். இல்லாவிட்டால் பாதத்தின் நடுப்பகுதி வளைந்து உங்களை ஏமாற்றிவிடும்.

"இந்தியன் டாய்லெட்டில் நன்றாகக் குந்தி உட்காருகிறாளே, பிறகென்ன இறுக்கம்?" என்று நானும் கேட்டேன். பிசியோதெரபிஸ்ட் சிரித்தார். குந்தும்போது முட்டி மடங்கியிருக்கிறது. கெண்டைக்காலின் மேல் தசை முட்டிக்கு மேலேயே தொடங்குவதால், முட்டி மடங்கினால் அது தளர்ந்துவிடும். முட்டி நீட்டியிருக்கும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும்.

படி 5: வலியைக் கேட்டு வாங்குங்கள்

"கால் வலிக்குதா?" என்று கேட்டால் குழந்தை அந்த நிமிடம் எது வசதியோ அதைச் சொல்லும். ஹோம்வொர்க் நேரத்தில் வலிக்கும், விளையாடப் போகும்போது வலிக்காது. கேட்பதைவிடக் கவனிப்பது பயன் தரும். முன்பு ஓடியாடிய பிள்ளை இப்போது ஓரமாக உட்காருகிறதா? கொஞ்ச தூரம் நடந்ததும் தூக்கச் சொல்கிறதா? ஷூவின் உட்பக்க ஓரம் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகிறதா? பாதத்தின் உட்பக்கம், கணுக்காலுக்குக் கீழே தோல் தடித்திருக்கிறதா?

ராத்திரியில் இரண்டு கெண்டைக்காலும் வலிக்கிறது என்று அழுது, தைலம் தேய்த்துவிட்டால் தூங்கி, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிற பிள்ளைகள் நிறைய. வளர்ச்சி வலி என்பார்கள். பாதம் தட்டையாக இருப்பதாலேயே அதைப் பாதத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம். ஒரு காலில் மட்டும், ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டி, காலையிலும் நொண்டினால் அது வளர்ச்சி வலி அல்ல.

எப்போது தள்ளிப்போடக் கூடாது

பிறந்த குழந்தையின் உள்ளங்கால் தட்டையாக மட்டும் இல்லாமல், ஆடும் நாற்காலியின் அடிக்கட்டை போலக் கீழ்நோக்கிப் பிதுங்கி, விறைப்பாக இருந்தால் உடனே காட்ட வேண்டும். கணுக்காலின் எலும்பு ஒன்று செங்குத்தாக நிற்கும் பிறவிக் குறைபாடு அது. மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு, அப்புறம் சின்ன அறுவை சிகிச்சையில் சரிசெய்கிறார்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லது. பாதம் மேல்நோக்கி மடிந்து, முட்டிக்குக் கீழே காலின் முன்பக்கத்தை ஒட்டியபடி பிறக்கும் குழந்தைகளும் உண்டு. கருப்பையில் இடம் போதாமல் மடங்கியது. மெதுவாக நீவி இழுத்தாலே வழிக்கு வரும், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை.

பள்ளி வயதில் கவனிக்க வேண்டியது வேறு. எட்டு வயதுக்கு மேல், அதுவரை தொந்தரவு இல்லாத பிள்ளைக்குப் பாதம் விறைக்க ஆரம்பிக்கிறது, அடிக்கடி கணுக்கால் பிசகுகிறது, மணலிலும் மேடு பள்ளத்திலும் நடக்கத் தயங்குகிறது என்றால், பின்பாத எலும்புகள் இரண்டு பிறவியிலேயே ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. சின்ன வயதில் அந்த இணைப்பு குருத்தெலும்பாக இருந்து வளைந்துகொடுக்கும். 8 முதல் 16 வயதுக்குள் அது எலும்பாக இறுகும்போதுதான் வலி வெளியே தெரியும். பலருக்குச் சுளுக்கு, சுளுக்கு என்றே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது.

தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறுகிற குழந்தை, மாடிப்படி ஏறத் திணறுகிற குழந்தை, எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கிற குழந்தை, நடக்கப் பழகிய பின் மறுபடி தடுமாற ஆரம்பித்த குழந்தை ஆகியோருக்குப் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தசை நோயோ நரம்புப் பிரச்சினையோ பின்னால் இருக்கலாம். ஒரு கால் மட்டும் தட்டையாவதும், வீக்கமும், காய்ச்சலோடு வலியும் இதே பட்டியலில்தான்.

டாக்டரிடம் போனால்

முதலில் குழந்தை மருத்துவர், தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவர். பெரிய அரசு மருத்துவமனைகளில் எலும்பு நோய்ப் பிரிவு இருக்கிறது. குழந்தைக்கு அரைக்கால் டிரவுசர் போட்டு, தினமும் அணியும் பழைய ஷூவையும் எடுத்துக்கொண்டு போங்கள். தேய்ந்த ஷூ நீங்கள் சொல்வதைவிட அதிகம் சொல்லும். வராந்தாவில் ஓடும்போது எடுத்த பத்து நொடி வீடியோவும் உதவும், ஏனென்றால் டாக்டர் முன்னால் எந்தக் குழந்தையும் வழக்கம் போல நடக்காது.

நல்ல டாக்டர் முட்டியைப் பார்ப்பார், இடுப்பைப் பார்ப்பார், கை விரல்களைப் பின்னால் வளைத்துப் பார்ப்பார். மூட்டுகள் எல்லாமே தளர்வான குழந்தையா என்று தெரிந்துகொள்ள அது. மூன்று, நான்கு வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று தட்டுவதும் சகஜம். அப்போது பாதம் கூடுதலாகச் சரிந்து தெரியும். ஏழு வயது வாக்கில் முட்டி நேராகும்போது பாதமும் கொஞ்சம் நிமிரும்.

வலியில்லாத, இளகிய பாதத்துக்கு எக்ஸ்ரே தேவையில்லை. எடுத்தே ஆக வேண்டிய நிலையில், குழந்தை நின்றபடி எடை ஊன்றியிருக்கும்போது எடுக்க வேண்டும். படுக்க வைத்து எடுத்த படத்தில் சரிவு சரியாகத் தெரியாது. எலும்பு ஒட்டியிருக்கும் சந்தேகம் இருந்தால் சாய்வான கோணத்தில் ஒரு படமும், சில நேரம் சிடி ஸ்கேனும் கேட்பார்கள்.

ஷூவும் இன்சோலும்

இதில்தான் பெற்றோர் பணம் போகிறது, என் பணமும் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே.

அமெரிக்காவின் டல்லஸில் வெங்கர் என்ற எலும்பு மருத்துவரின் குழு இளகிய தட்டைப் பாதம் உள்ள 129 குழந்தைகளை நான்கு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்குத் திருத்தும் ஷூ, ஒரு பிரிவுக்குக் குதிகாலைத் தாங்கும் கிண்ணம், ஒரு பிரிவுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் இன்சோல் (ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைப்பது), நான்காவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது எல்லாப் பிரிவிலும் பாதம் தேறியிருந்தது, ஒன்றுமே போடாத பிரிவிலும்! பிரிவுகளுக்கிடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 1989-இல் வெளியான ஆய்வு இது. ஷூ வளைவை உண்டாக்கும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகும் கடைகளில் சௌக்கியமாக இருக்கிறது. வளைவு தானாக எழும்பும் வயதில் ஷூ போட்டால் பெயர் ஷூவுக்குத்தானே போகும்.

நம் பக்கத்திலிருந்து ஓர் ஆய்வு. தென்னிந்தியாவில் யு.பி. ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை எடுத்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். மூடிய ஷூ போட்டவர்களுக்கு அதிகம், செருப்புப் போட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஷூதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சின்னக் குழந்தைக்கு வீட்டுக்குள்ளும் ஷூ மாட்டிவிடும் புதுப் பழக்கத்தைக் கைவிட இது போதும் என்பது என் கட்சி. வீட்டுத் தரையிலும் சுத்தமான மணலிலும் வெறுங்காலோடு விடுங்கள். தெருவிலும் தோட்டத்திலும் வேண்டாம்: கண்ணாடித் துண்டு, ஏப்ரல் மாதத்துத் தார் ரோடு, ஈர மண்ணில் கொக்கிப் புழு எல்லாம் இருக்கின்றன.

பள்ளிக்கு ஷூ வேண்டுமே. குழந்தையை நிற்க வைத்து, நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷூ விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. குதிகால் பகுதி உறுதியாக இருக்கட்டும். சாயங்காலம் வாங்குங்கள், அப்போது கால் சற்று உப்பியிருக்கும். இரண்டு வருடத்துக்கு வரட்டும் என்று பெரிதாக வாங்குவதும், அண்ணன் போட்டுத் தேய்ந்ததைத் தம்பிக்கு மாட்டுவதும் வேண்டாம்.

இன்சோல் யாருக்கு? வலிக்கிற, சீக்கிரம் களைக்கிற குழந்தைக்கு. அது வலியைக் குறைக்கலாம். எலும்பின் அமைப்பை மாற்றாது. முதலில் கடையில் கிடைக்கும் மெத்தென்ற சாதாரண இன்சோலே போதும். கெண்டைக்கால் இறுகிய குழந்தைக்குக் கடினமான இன்சோல் வைத்தால் வலி கூடும். மடங்க இடமில்லாத பாதத்துக்குக் கீழே கட்டையை வைத்த கதைதான். அங்கே முதலில் தசையை நீட்ட வேண்டும்.

பயிற்சி

கெண்டைக்கால் இறுக்கத்துக்குச் சுவரைத் தள்ளும் பயிற்சி. ஒரு கால் முன்னால் மடங்கி, ஒரு கால் பின்னால் நீட்டி, பின்கால் முட்டி நேராக, குதிகால் தரையில், விரல்கள் சற்று உட்பக்கம் பார்த்தபடி. முப்பது நொடி, மூன்று நான்கு முறை, காலையும் மாலையும். பல் தேய்க்கும் நேரத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

மற்றபடி, தரையில் கிடக்கும் துண்டைக் கால் விரலால் சுருட்டுவது, நுனிக்கால் நடை எல்லாம் பாதத் தசைக்கு நல்லதே. அதனால் வளைவு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாண்டி ஆட்டமும் ஸ்கிப்பிங்கும் அதே வேலையைச் செய்கின்றன, அழுகை இல்லாமல். எடை கூடுதலாக இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை வெகு சிலருக்குத்தான். இன்சோல், பயிற்சி எல்லாம் மாதக்கணக்கில் செய்தும் வலி போகாத பெரிய பிள்ளைகளுக்கு, அல்லது எலும்பு ஒட்டியிருப்பவர்களுக்கு. வலியில்லாத குழந்தைக்குப் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று யாராவது கத்தியை எடுத்தால், இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள்.

"பையனை மிலிட்டரியில எடுக்க மாட்டாங்களே?"

கிராமத்துப் பக்கம் தட்டைப் பாதம் என்றதும் வருகிற முதல் கவலை. 1940-களில் கனடா ராணுவத்தில் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வீரர்களின் பாதத்தைப் பரிசோதித்த ஹாரிஸ், பீத் இருவரும், இளகிய தட்டைப் பாதம் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை என்றும், குதிகால் தசைநாண் இறுகியவர்களுக்குத்தான் அது சிரமம் தருகிறது என்றும் எழுதினார்கள். நான்காவது படியில் பார்த்த அதே இறுக்கம். நம் ராணுவத்தின் மருத்துவ விதியும் இளகிய பாதத்தையும் விறைத்த பாதத்தையும் பிரித்தே பார்க்கிறது. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு திரும்பத் தெரிய வேண்டும், நுனிக்காலில் குதிக்கவும் ஓடவும் முடிய வேண்டும், பாதம் வலியில்லாமல் இளக்கமாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் தகுதி உண்டு. விறைத்த தட்டைப் பாதத்துக்கு இல்லை. ஆள்சேர்ப்புக்குப் பெயர் கொடுக்கும் முன் ஒரு வருடம் இருக்கும்போதே, பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கி நிற்கட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். கெண்டைக்கால் இறுகியிருந்தால் நீட்டிப் பழக்க அந்த அவகாசம் வேண்டியிருக்கும்.